ஆட்டோ சவாரியை வகைகளில் எழுதுவது: ஹாஸ்கெல்லின் மேல்படிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பயணிக்கு 45 ரூபாயைத் திருப்பித் தர வேண்டியிருந்தது. 4,500 ரூபாய் போனது. பெங்களூரில் நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், ஒரு வெள்ளிக்கிழமை இரவு நடந்தது இது. தொகையைக் கணக்கிட்ட பகுதி பைசாவில் எண்ணியது. பணத்தை அனுப்பிய பகுதி அதை ரூபாய் என்று எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் நடுவே போனது வெறும் எண். அந்த நிரலை மூன்று பேர் படித்துப் பார்த்து ஒப்புதல் தந்திருந்தோம். மூன்றாவது ஆள் நான்.

திங்கட்கிழமை காலை, சிவகாசியிலிருந்து புதிதாக வந்து சேர்ந்திருந்த தம்பி என் மேசைக்கு வந்தான். “இரண்டுமே முழு எண்தானே அண்ணா? கம்பைலருக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது. நாம் அதனிடம் சொல்லவே இல்லையே.”

அதை ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியின் வகைகளில் (டைப்) சொல்வது எப்படி என்று கற்றுக்கொள்ளத்தான் அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு வீட்டு மாடியில் ஆறேழு பேர் கூட ஆரம்பித்தோம். வீட்டுக்காரர் கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த தமிழர். நிரல் எழுதி ஓய்வு பெற்றவர். எதையும் எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார். அந்த மாடியில் நாங்கள் ஏறிய படிகளைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். பட்டியல், மேபி (மதிப்பு இருந்தால் ஜஸ்ட், இல்லாவிட்டால் நத்திங்), வகுப்பு இவையெல்லாம் ஓரளவு பழகியவர்களுக்கான வழிகாட்டி இது. ஹாஸ்கெல்லை இன்றுதான் முதன்முதலில் திறக்கிறீர்கள் என்றால், ஒரு மாதம் கழித்து வாருங்கள்.

படிகளுக்குள் போகும் முன் ஒரு பஸ் பயணம். கண்டக்டர் காசை வாங்கிக்கொண்டு டிக்கெட் கிழித்துத் தருகிறார். வழியில் ஏறும் பரிசோதகர் “காசு கொடுத்தாயா?” என்று யாரையும் கேட்பதில்லை, டிக்கெட்டை நீட்டச் சொல்கிறார். கண்டக்டர் டிக்கெட் தராமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனால் என்ன ஆகும்? பரிசோதகர் மறுபடி விசாரிக்க வேண்டும், அல்லது நம்ப வேண்டும். நம் நிரல்களில் பெரும்பாலான சோதனைகள் தலையாட்டல்தான். உண்மை, பொய் என்று ஒரு விடை வருகிறது. அடுத்த வரியில் அது காற்றோடு போய்விடுகிறது. சோதித்தவுடன் கையில் ஒரு சீட்டு வர வேண்டும், அந்தச் சீட்டு இல்லாமல் அடுத்த சார்பை (ஃபங்ஷன்) அழைக்கவே முடியக்கூடாது. இந்த வழிகாட்டியின் எல்லாப் படிகளும் இந்த ஒரே வேலைக்குத்தான்.

உதாரணத்துக்கு ஆட்டோ சவாரியை எடுத்திருக்கிறேன். பெங்களூரில் இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது: 2022-இல் இங்கே அறிமுகமான ‘நம்ம யாத்ரி’ செயலியின் பின்புலமே ஹாஸ்கெல்தான், மூல நிரல் திறந்தே இருக்கிறது. கீழே வரும் சவாரி என் சொந்தக் கட்டுமானம். அவர்கள் நிரலின் நகல் இல்லை.

தொடங்கும் முன்

ஹாஸ்கெல் நிரலைச் சோதித்து ஓடும் வடிவுக்கு மாற்றும் ஜிஎச்சி கம்பைலரின் 9.10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை நிறுவிக்கொள்ளுங்கள். கோப்பின் தலையில் ‘ஜிஎச்சி2024’ என்ற மொழித் தொகுப்பைக் குறிப்பிட்டால், நமக்குத் தேவையான நீட்டிப்புகளில் பெரும்பாலானவை தாமாகவே வந்துவிடும். எட்டாம் படியில் வரும் வகைக் குடும்பங்களை மட்டும் தனியாக இயக்க வேண்டும். வேறு ஏதாவது தேவைப்பட்டால் கம்பைலரே பெயர் சொல்லிக் கேட்கும்.

இன்னொன்று. கீழே உள்ள துண்டுகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன். அப்படியே தட்டினால் ஓடாது. ஹாஸ்கெல்லில் வகையின் பெயரும், அந்த வகையின் மதிப்பைக் கட்டும் ஆக்கியின் (கன்ஸ்ட்ரக்டர்) பெயரும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே கிடையாது. தட்டும்போது ஆங்கிலப் பெயர்களுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். டேட்டா, நியூடைப், ஃபார்ஆல் போன்றவை மொழியின் சொந்தச் சொற்கள். ‘வேர்’ என்று வருவதும் அப்படித்தான். மரத்தின் வேர் இல்லை.

படி 1: ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பெயர்

பெங்களூரில் 2025 ஆகஸ்ட் முதல் ஆட்டோவின் குறைந்தபட்சக் கட்டணம் முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய். அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 18 ரூபாய். இரவு 10 மணியிலிருந்து காலை 5 மணி வரை ஒன்றரை மடங்கு. ஓட்டுநர் அதற்கு ஒப்புக்கொள்கிறாரா என்பது வேறு கதை, கணக்கு இதுதான்.

```
நியூடைப் ரூபாய் = ரூபாய் இன்ட்
நியூடைப் பைசா  = பைசா இன்ட்
நியூடைப் மீட்டர் = மீட்டர் இன்ட்

கட்டணம் :: மீட்டர் -> பைசா
கட்டணம் (மீட்டர் தூ)
  | தூ <= 2000 = பைசா 3600
  | மற்றபடி    = பைசா (3600 + (தூ - 2000) * 1800 `டிவ்` 1000)
```

5,400 மீட்டருக்கு 9,720 பைசா, அதாவது 97 ரூபாய் 20 காசு. பைசாவில் எண்ணுவதற்குக் காரணம் அந்த 20 காசுதான். நியூடைப் என்பது கம்பைலரின் கண்ணுக்கு மட்டும் தெரியும் உறை. நிரல் ஓடும்போது உள்ளே இருப்பது அதே முழு எண், கூடுதல் செலவு ஏதும் இல்லை. பணம் அனுப்பும் சார்பு ரூபாயைக் கேட்டால், பைசாவைக் கொடுத்துக் கம்பைல் செய்யவே முடியாது. எங்கள் வெள்ளிக்கிழமை இரவு இந்த மூன்று வரிகளில் தீர்ந்திருக்கும்.

எங்களுக்குப் போனது பணம்தான். 1999 செப்டம்பரில் நாசா ஒரு விண்கலத்தையே இழந்தது. செவ்வாயின் காலநிலையை ஆராயப் போன கலம் அது. தரையில் இருந்த ஒரு மென்பொருள் உந்தத்தைப் பவுண்டு-வினாடியில் தந்தது. வாங்கிக்கொண்ட மென்பொருள் அதை நியூட்டன்-வினாடி என்று எண்ணியது. ஏறக்குறைய நாலரை மடங்கு வித்தியாசம்.

இந்தப் படியில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. ‘கூட்டல் வேண்டுமே’ என்று பைசாவுக்கு எண் வகுப்பு (நம்) முழுவதையும் வரவழைத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் பைசாவைப் பைசாவால் பெருக்கலாம். அதற்கு என்ன பொருள்? அதைவிட மோசம், வெறும் 45 என்று எழுதினாலே அது 45 பைசாவாகவோ 45 ரூபாயாகவோ இடத்துக்கு ஏற்றபடி மாறிக்கொள்ளும். முன்வாசலில் பூட்டைப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான். கூட்டலுக்கு ஒரு சார்பு, ஒன்றரை மடங்காக்க ஒரு சார்பு, ரூபாய்க்கு மாற்ற ஒரு சார்பு; இவை போதும்.

படி 2: ஆக்கியை உள்ளே வைத்துப் பூட்டுங்கள்

இது பலருக்கும் தெரிந்ததுதான், விரைவாகக் கடந்துவிடலாம். எதிர்மறைத் தூரம் இருக்க முடியாது என்றால், மீட்டரின் ஆக்கியை மாட்யூலுக்கு வெளியே அனுப்பாதீர்கள். ‘மீட்டராக்கு :: இன்ட் -> மேபி மீட்டர்’ என்ற ஒரே வாசலை மட்டும் திறந்து வையுங்கள். சோதனை அந்த வாசலில் ஒருமுறை நடக்கிறது. அதைத் தாண்டி உள்ளே வந்த எந்த மீட்டரையும் யாரும் மறுபடி சந்தேகப்பட வேண்டாம். டிக்கெட் கிழிப்பது என்று நான் சொன்னதன் மிக எளிய வடிவம் இது.

படி 3: பேய் வகைகள்

ஒரு சவாரிக்கு நான்கு நிலைகள்: பயணி கேட்டது, ஓட்டுநர் ஏற்றது, வண்டி ஓடுவது, இறங்கி முடிந்தது. நிலையை வகையிலேயே எழுதிவிடுவோம்.

```
டேட்டா கேட்டது
டேட்டா ஏற்றது

டேட்டா சவாரி நி = சவாரி
  { பயணியார் :: பயணி, ஓட்டுநர்யார் :: மேபி ஓட்டுநர் }

ஏற்றுக்கொள் :: ஓட்டுநர் -> சவாரி கேட்டது -> சவாரி ஏற்றது
```

இடப்பக்கம் இருக்கும் ‘நி’ வலப்பக்கத்தில் எங்குமே வரவில்லை. அந்த வகையில் ஒரு மதிப்பும் உள்ளே கிடையாது. ஆனாலும் நடமாட்டம் தெரிகிறது. ஆங்கிலத்தில் ஃபேன்டம் என்கிறார்கள். எங்கள் மாடியில் பேய் வகை என்று பெயர் வைத்தோம். ஏற்கப்படாத சவாரியைத் தொடங்க முயன்றால் கம்பைலர் மறுத்துவிடும்.

வீட்டுக்காரர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு மூன்று ஓட்டைகளைச் சொன்னார். ‘சவாரி பூல்’ என்று எழுதினாலும் ஹாஸ்கெல் ஏற்றுக்கொள்கிறதே, உண்மை-பொய் வகையான பூல் சவாரியின் எந்த நிலை? ஓட்டுநர் ஏற்ற பிறகும் ‘ஓட்டுநர்யார்’ மேபியாகவே இருக்கிறதே, யாரைக் கேட்டு அந்த ஜஸ்ட்டை உரிப்பது? மூன்றாவதை அவர் சொல்லவில்லை, தட்டியே காட்டினார். ‘கோயர்ஸ்’ என்ற ஒற்றைச் சார்பால் ‘சவாரி கேட்டது’ என்பதை ‘சவாரி ஏற்றது’ ஆக மாற்றினார். ஆக்கியை நாங்கள் பூட்டித்தான் வைத்திருந்தோம். பேய்க்குப் பூட்டு ஏது.

காரணம் இது. 2014-இல் வந்த ஜிஎச்சி 7.8 பதிப்பிலிருந்து ஒவ்வொரு வகை அளபுருவுக்கும் (மேலே வந்த ‘நி’ போன்றது) ஒரு பாத்திரம் (ரோல்) உண்டு. உள்ளே எங்கும் பயன்படாத அளபுருவைக் கம்பைலர் பேய்ப் பாத்திரம் என்று தானாகவே கணித்துவிடும். அப்படிக் கணித்ததை எதற்கு வேண்டுமானாலும் மாற்றலாம் என்பது விதி. தடுக்க ஒரு வரி போதும்:

```
டைப் ரோல் சவாரி நாமினல்
```

பேய் வகையை எழுதும் ஒவ்வொரு முறையும் இந்த வரியையும் எழுதுங்கள். இதை விட்டுவிட்டு எழுதிய நூலகங்களை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்றை நானே எழுதினேன்.

படி 4: மதிப்புகளை வகைகளாக உயர்த்துவது

முதல் ஓட்டையை அடைக்க, நிலைகளை ஒரே டேட்டாவாக அறிவியுங்கள்.

```
டேட்டா நிலை = கேட்டது | ஏற்றது | ஓடுவது | முடிந்தது
```

டேட்டாகைண்ட்ஸ் நீட்டிப்பு 2012-இல் ஜிஎச்சிக்குள் வந்தது. இப்போது மேலே சொன்ன தொகுப்பிலேயே அடக்கம். அது இருந்தால் இந்த நான்கு ஆக்கிகளும் வகைகளின் இடத்திலும் நிற்கலாம். அப்படி நிற்கும்போது முன்னால் ஓர் ஒற்றை மேற்கோள் குறி போடுவது வழக்கம். எண்ணுக்கு வகை இருப்பதுபோல வகைக்கும் ஒரு வகை உண்டு. நான் அதை இனம் என்கிறேன். ‘நி :: நிலை’ என்று இனத்தைச் சொல்லிவிட்டால் ‘சவாரி பூல்’ என்பது இனம் சேராமல் போய்விடும்.

படி 5: ஜிஏடிடி, நடுப்படி

இங்கே நிதானமாக நிற்க வேண்டும். மற்ற படிகளை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

சாதாரண டேட்டாவில் எல்லா ஆக்கிகளும் ஒரே வகையைத் தருகின்றன. ஜிஏடிடியில் (பொதுமைப்படுத்திய இயற்கணித டேட்டா வகை) ஒவ்வோர் ஆக்கியும் தனக்கென ஒரு வகையைச் சொல்லிக்கொள்ளலாம். ஜிஎச்சியில் இது 2005-இல், 6.4 பதிப்பில் வந்தது.

```
டேட்டா சவாரி (நி :: நிலை) வேர்
  புது   :: பயணி -> இடம் -> இடம் -> சவாரி 'கேட்டது
  ஒப்பு  :: பயணி -> ஓட்டுநர் -> ஓடிபி -> சவாரி 'ஏற்றது
  நடப்பு :: பயணி -> ஓட்டுநர் -> நேரம் -> சவாரி 'ஓடுவது
  முடிவு :: பயணி -> ஓட்டுநர் -> மீட்டர் -> சவாரி 'முடிந்தது
```

வீட்டுக்காரரின் இரண்டாவது ஓட்டை எங்கே போனது பாருங்கள். ஓட்டுநர் இப்போது மேபிக்குள் இல்லை. கேட்ட நிலையில் அவருக்கு இடமே இல்லை. ஏற்ற நிலையில் அவர் இல்லாமல் சவாரியைக் கட்டவே முடியாது. ஓடிபி ஏற்ற நிலையில் மட்டும் இருக்கிறது, வண்டி கிளம்பியதும் மறைந்துவிடுகிறது. தூரம் முடிந்த பிறகுதான் தெரியும், அங்கேதான் எழுதியிருக்கிறோம். நான்கு நிலைகளுக்கும் பொதுவாகப் பத்துப் புலங்களை வைத்து, பாதியைக் காலியாக விடும் பழக்கத்துக்கு இங்கே இடமில்லை.

இப்போது ரசீது:

```
ரசீது :: சவாரி 'முடிந்தது -> பைசா
ரசீது (முடிவு _ _ தூ) = கட்டணம் தூ
```

ஒரே வரி. மற்ற மூன்று ஆக்கிகளையும் எழுதவில்லை. கம்பைலரும் ‘விட்டுவிட்டாய்’ என்று எச்சரிக்கவில்லை. அவை இந்த வகையில் வரவே முடியாது என்று அதற்குத் தெரியும். வழக்கமாக நாம் எழுதும் ‘இங்கே வரக்கூடாது’ என்ற பிழை வரியை எழுத வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்ததுதான் அந்தத் தம்பியை நாற்காலியிலிருந்து எழ வைத்தது.

```
ரசீதுஇருந்தால் :: சவாரி நி -> மேபி பைசா
ரசீதுஇருந்தால் ச@(முடிவு _ _ _) = ஜஸ்ட் (ரசீது ச)
ரசீதுஇருந்தால் _                = நத்திங்
```

முதல் வரியை உற்றுப் பாருங்கள். ‘ச’ வரும்போது அதன் வகை ‘சவாரி நி’. எந்த நிலை என்று தெரியாது. ரசீதோ முடிந்த சவாரியைத்தான் வாங்கும். ஆனாலும் ‘ரசீது ச’ கம்பைல் ஆகிறது. ‘முடிவு’ என்ற ஆக்கி பொருந்திய கணத்தில், அந்தக் கிளைக்குள் மட்டும், ‘நி’ என்பது ‘முடிந்தது’தான் என்று கம்பைலர் குறித்துக்கொள்கிறது. சாதாரண மொழியில் ‘முடிந்துவிட்டதா?’ என்று கேட்டு, உண்மை என்று விடை வந்தாலும், அடுத்த வரிக்கு அந்தச் செய்தி எட்டாது. இங்கே வடிவத்தைப் பொருத்திப் பார்ப்பதே டிக்கெட் கிழிப்பதுபோல் ஆகிவிடுகிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. ஹிண்ட்லி 1969-இலும் மில்னர் 1978-இலும் காட்டிய வழியில், நாம் ஒரு வகையைக்கூட எழுதாமலே முழு நிரலின் வகைகளையும் கணித்துவிட முடியும். ஜிஏடிடி வந்ததும் அந்த வசதி குறைகிறது. கிளைக்குக் கிளை ‘நி’யின் பொருள் மாறுவதால், சார்பின் வகையை நீங்கள் வெளிப்படையாக எழுதியே ஆக வேண்டும். எழுதாவிட்டால் வரும் பிழைச் செய்தி ஒரு முழம் நீளும், காரணத்தையும் நேராகச் சொல்லாது. அப்படி ஒன்றைக் கண்டால், முதலில் ‘::’ போட்டு எழுதும் வகைக் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 6: வெளியிலிருந்து வருவது எந்த நிலை?

தரவுத்தளத்திலிருந்து ஒரு பதிவைப் படிக்கிறோம். நிலை உரையாக இருக்கிறது. எல்லோரும் முதலில் இப்படித்தான் எழுதுவார்கள்:

```
பதிவைப்படி :: பதிவு -> சவாரி நி
```

கம்பைலர் மறுக்கும், ‘நி’ விறைப்பான வகை மாறி என்று ஏதோ சொல்லும். அந்தச் செய்தியை மனிதர் பேச்சில் சொன்னால் இதுதான்: இந்தக் கையெழுத்தின்படி ‘நி’யைத் தேர்ந்தெடுப்பவர் அழைப்பவர். “எனக்கு முடிந்த சவாரி வேண்டும்” என்று அவர் கேட்டால் நீங்கள் முடிந்த சவாரியைத் தர வேண்டும், பதிவில் என்ன எழுதியிருந்தாலும். ஓட்டலில் உட்கார்ந்தவர் எதைக் கேட்டாலும் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, உள்ளே இட்லி மட்டும் வைத்திருப்பதுபோல.

நமக்கு வேண்டியது நேர்மாறு: இருப்பதை நாம் தேர்ந்தெடுத்துத் தருவோம், வாங்குபவர் பிரித்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

```
டேட்டா ஏதோசவாரி வேர்
  ஏதோ :: சவாரி நி -> ஏதோசவாரி

பதிவைப்படி :: பதிவு -> மேபி ஏதோசவாரி
```

‘ஏதோ’வுக்குள் போன ‘நி’ வெளியே தெரியாது. பிரிப்பவர் உள்ளே இருக்கும் ஆக்கியைப் பொருத்திப் பார்த்ததும், முந்தைய படியில் கண்டதுபோல நிலை தெரிந்துவிடும். பல நிலைகளில் உள்ள சவாரிகளை ஒரே பட்டியலில் வைக்கவும் இதுதான் வழி. சிங்கிள்டன் என்ற கனமான கருவியைச் சிலர் இங்கேயே எடுத்துவிடுவார்கள். நம் ஆக்கிகளே நிலையைச் சொல்லிவிடுவதால் இங்கே அது வேண்டாம்.

படி 7: யாருடைய ஓடிபி?

ஓடிபியைச் சரிபார்த்ததற்கு ஒரு சான்று வேண்டும். சான்று இல்லாமல் வண்டி கிளம்பக்கூடாது. ‘ஓடிபிசான்று’ என்று ஒரு வகையை வைத்து, ஆக்கியைப் பூட்டிவிட்டோம். தம்பி கேட்டான்: “அண்ணா, என் சவாரியின் சான்றை வைத்து உங்கள் சவாரியைத் தொடங்கினால்?”

தொடங்கிவிடும். நேற்றைய டிக்கெட்டை இன்றைக்கு நீட்டுவதுபோல. சான்றில் எந்தச் சவாரி என்று எழுதவில்லை. சவாரிகளோ நிரல் ஓடும்போதுதான் பிறக்கின்றன. அவற்றுக்கு வகையில் எப்படிப் பெயர் வைப்பது?

இதற்கான வித்தை பழையது. 1994-இல் லாஞ்ச்பரியும் பெய்டன் ஜோன்ஸும், மாறக்கூடிய நினைவகத்தைத் தூய சார்புக்குள் அடக்கி வைக்க இதைக் கையாண்டார்கள். அதன் தர்க்க அடித்தளம் இன்னும் முந்தையது. ஜிரார்ட் 1972-இலும் ரெய்னால்ட்ஸ் 1974-இலும் தனித்தனியே கண்டடைந்தது.

```
பெயரிடு :: அ -> (ஃபார்ஆல் பெ. பெயரிட்ட பெ அ -> வி) -> வி

ஓடிபிபார் :: பெயரிட்ட பெ (சவாரி 'ஏற்றது) -> ஓடிபி
           -> மேபி (ஓடிபிசான்று பெ)

தொடங்கு :: ஓடிபிசான்று பெ -> பெயரிட்ட பெ (சவாரி 'ஏற்றது)
         -> நேரம் -> சவாரி 'ஓடுவது
```

முதல் வரியின் அடைப்புக்குள் இருக்கும் ஃபார்ஆல்தான் எல்லாம். நீங்கள் கொடுக்கும் சார்பு எந்தப் பெயர் வந்தாலும் வேலை செய்ய வேண்டும்; பெயரை வைப்பது ‘பெயரிடு’. ஒவ்வோர் அழைப்பிலும் ‘பெ’ புதிது. இரண்டு சவாரிகளுக்குப் பெயரிட்டால், கம்பைலரின் கண்ணில் இரண்டு பெயர்களும் வெவ்வேறு. ஒன்றின் சான்று மற்றொன்றுக்குப் பொருந்தாது. ‘வி’ என்ற விடை வகை ஃபார்ஆலுக்கு வெளியே இருப்பதால், பெயரைக் கடத்திக்கொண்டு வெளியே போகவும் வழியில்லை.

‘பெயரிட்ட’, ‘ஓடிபிசான்று’ இரண்டின் ஆக்கிகளையும் பூட்டுங்கள். மூன்றாம் படியில் சொன்ன பாத்திர வரி இங்கேயும் வேண்டும்.

ஆனால் எல்லா இடத்திலும் இதைத் தூவாதீர்கள். இரண்டு பொருள்கள் மாறிப்போனால் பணமோ பாதுகாப்போ போகும் இடத்தில் மட்டும் போதும். எங்கள் நிரலில் இப்படிப்பட்ட இடங்கள் இரண்டே இரண்டுதான் இருந்தன.

படி 8: பிழைச் செய்தியைத் தமிழில் எழுதுங்கள்

கேட்ட சவாரியையும் ஏற்ற சவாரியையும் ரத்து செய்யலாம். ஓடுவதையும் முடிந்ததையும் கூடாது. இரண்டு நிலைகளுக்கு அனுமதி, இரண்டுக்கு மறுப்பு. இதை வகைக் குடும்பம், அதாவது வகைகளின் மீது இயங்கும் சார்பு, அழகாகச் சொல்லிவிடும்.

```
டைப் ஃபேமிலி ரத்தாகுமா (நி :: நிலை) :: கன்ஸ்ட்ரெயின்ட் வேர்
  ரத்தாகுமா 'கேட்டது  = ()
  ரத்தாகுமா 'ஏற்றது   = ()
  ரத்தாகுமா 'ஓடுவது   = டைப்எரர்
      ('டெக்ஸ்ட் "ஓடும் ஆட்டோவை ரத்து செய்ய இயலாது")
  ரத்தாகுமா 'முடிந்தது = டைப்எரர்
      ('டெக்ஸ்ட் "இறங்கிய பிறகு ரத்து எதற்கு?")

ரத்து :: ரத்தாகுமா நி => சவாரி நி -> ரத்துச்சீட்டு
```

டைப்எரர் 2016-இல் ஜிஎச்சி 8.0 பதிப்போடு வந்தது. மேற்கோளுக்குள் இருப்பது வெறும் உரைதான். அங்கே பெரிய எழுத்துத் தொல்லை இல்லை, தமிழிலேயே எழுதலாம். கம்பைலர் நம் மொழியில் திட்டும்போது வலி கொஞ்சம் குறைவாக இருக்கிறது என்பது தம்பியின் கருத்து.

படி 9: வகைகள் எட்டாத இடம்

‘தொடங்கு’ புதிய சவாரியைத் தருகிறது. பழைய, ஏற்ற நிலையில் உள்ள சவாரி என்ன ஆயிற்று? அதுவும் கையில்தான் இருக்கிறது. அதை வைத்து இன்னொரு முறை தொடங்கலாம். இதுவரை பார்த்த எந்தப் படியும் இதைத் தடுக்காது. ஒரு மதிப்பைச் சரியாக ஒரே முறைதான் செலவழிக்கலாம் என்று சொல்ல நேரியல் வகைகள் வேண்டும். ஜிரார்டின் 1987-ஆம் ஆண்டு நேரியல் தர்க்கத்தில் வேர்கொண்டு, 2021-இல் ஜிஎச்சி 9.0 பதிப்பில் சோதனை முயற்சியாக வந்தது. அம்புக்குறிக்கு முன்னால் ‘%1’ என்று எழுதினால் போதும்.

நான் அதை இந்த வேலைக்கு எடுப்பதில்லை. ஒரே நிரல் இரண்டு இயந்திரங்களில் ஓடுகிறது. இரண்டும் ஒரே பதிவைப் படித்து, ஆளுக்கு ஒரு சவாரியைக் கையில் வைத்திருக்கின்றன. ஒன்றின் வகை மற்றொன்றுக்குத் தெரியாது. அங்கே தரவுத்தளத்தில் பதிப்பு எண் வைத்து, ‘நான் படித்தபோது இருந்த எண்ணே இப்போதும் இருந்தால் மட்டும் எழுது’ என்று கேட்பதுதான் காரியத்துக்கு ஆகும்.

படி 10: ஐந்தாவது நிலையைச் சேர்த்துப் பாருங்கள்

கட்டியது நிற்கிறதா என்று அறிய ஒரு பயிற்சி. பெரும்பாலான எச்சரிக்கைகளை இயக்கும் ‘டபிள்யூ-ஆல்’ கொடியைப் போட்டு, எச்சரிக்கைகளைப் பிழைகளாக்கிவிடுங்கள். பிறகு ‘ரத்தானது’ என்று ஐந்தாவது நிலையையும், அதற்கு ஓர் ஆக்கியையும் சேருங்கள். நிலையைப் பொருத்திப் பார்க்கும் இடங்களுக்கெல்லாம் கம்பைலர் உங்களை வரிசையாக அழைத்துச் செல்ல வேண்டும்.

இரண்டு இடங்களுக்கு அழைத்துச் செல்லாது. ஒன்று வகைக் குடும்பம்: ‘ரத்தாகுமா’வில் ஐந்தாவது வரி இல்லை என்று கம்பைலர் கண்டுகொள்ளாது. யாராவது ரத்தான சவாரியை மறுபடி ரத்து செய்யும்போதுதான் பிழை வரும், அதுவும் நம் தமிழ்ச் செய்தி இல்லாமல் புரியாத வடிவில்.

மற்றொன்றை வீட்டுக்காரர்தான் பிடித்தார். நாங்கள் ஐந்தாவது நிலையைச் சேர்த்து, பிழைகளை ஒவ்வொன்றாகத் தீர்த்து, எல்லாம் கம்பைல் ஆனதும் காபி குடிக்கப் போய்விட்டோம். அவர் திரையின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். ஓட்டுநர் ஏற்ற பிறகு ரத்தானால் ஒரு தொகை வாங்க வேண்டும் என்று அன்று காலைதான் முடிவு செய்திருந்தோம். “ரத்தான சவாரிக்கு ரசீது எங்கே தம்பி?” என்று கேட்டார். ‘ரசீதுஇருந்தால்’ சார்பைக் கம்பைலர் தொடவே இல்லை. அதன் கடைசி வரியில் நாங்கள் போட்டிருந்த அடிக்கோடு, புதிய நிலையையும் சேர்த்து விழுங்கி, நத்திங் என்று சொல்லிவிட்டிருந்தது.

அந்த அடிக்கோட்டை அழித்துவிட்டு, புது, ஒப்பு, நடப்பு மூன்றையும் தனித்தனி வரிகளாக எழுதினோம். மறுபடி கம்பைல் செய்தபோது ஐந்தாவது எங்கே என்று கேட்டது.